பருத்திப் பூச்சிகளும் தாவர, உயிரியல் பூச்சிக்கொல்லிகளும்: இந்திய அனுபவத்தின் வரலாறு

பருத்தியைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேம்பு, புகையிலை போன்ற தாவரங்களின் சாறுகளும், பூச்சிகளுக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியா, வைரசு போன்ற நுண்ணுயிரிகளும், ஒட்டுண்ணிக் குளவிகளும் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுள் முதல் வகை தாவரப் பூச்சிக்கொல்லிகள் என்றும், மற்றவை உயிரியல் முறைகள் என்றும் அழைக்கப்படுகின்றன. இந்தியாவில் இம்முறைகள் இரசாயனப் பூச்சிக்கொல்லிகளுக்கு முன்பே இருந்தன. இரசாயனங்கள் வந்தபோது இவை பின்தள்ளப்பட்டன. இரசாயனங்கள் தோற்ற ஒவ்வொரு முறையும் இவை மீண்டும் தேடப்பட்டன.

இந்த வரலாற்றில் ஒரு நிகழ்வு திரும்பத் திரும்ப வருகிறது. இயற்கையில் விரைவில் சிதைந்துவிடும் ஒரு நஞ்சை, வயலில் நீண்ட நாள் நிலைத்து நிற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு அது பெரும் வெற்றி பெறுகிறது. பின்னர் பூச்சிகள் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுகின்றன. செவ்வந்தி இனப் பூவிலிருந்து பிறந்த பைரித்திராய்டு, பாக்டீரியாவிலிருந்து பிறந்த பி.டி. பருத்தி, புகையிலையின் நிக்கோடினைப் போலச் செயற்படும் நியோநிக்கோட்டினாய்டு ஆகிய மூன்றுக்கும் இதுவே நேர்ந்தது.

பருத்தியைத் தாக்கும் பூச்சிகள்

பருத்திப் பூச்சிகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். முதற்பிரிவு சாறு உறிஞ்சும் பூச்சிகள். தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை இதில் அடங்கும். இவை இலையின் சாற்றை உறிஞ்சிச் செடியை நலிவடையச் செய்கின்றன. வெள்ளை ஈ இலைச்சுருட்டு வைரசு நோயையும் பரப்புகிறது.

இரண்டாம் பிரிவு காய்ப்புழுக்கள். பச்சைக் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஆகிய மூன்றும் சப்பை, பூ, காய் ஆகியவற்றைத் துளைத்து உண்கின்றன. இவற்றுடன் புரொடீனியா என்று உழவர்கள் அழைக்கும் புகையிலை வெட்டுப்புழு இலைகளை அரித்துத் தின்கிறது.

அமெரிக்கன் காய்ப்புழு என்றும் அழைக்கப்படும் பச்சைக் காய்ப்புழுவின் அறிவியற்பெயர் எலிகோவெர்ப்பா ஆர்மிசெரா. இதன் பெண் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. பருத்தி மட்டுமன்றித் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, சூரியகாந்தி எனப் பல பயிர்களில் இது வாழும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் பருத்தியை மட்டுமே நம்பி வாழும். முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் சப்பைக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். நுழைந்த துளை மூடிக்கொள்வதால் வெளியிலிருந்து தெளிக்கும் எந்த மருந்தும் உள்ளே இருக்கும் புழுவை எளிதில் எட்டாது. இவ்விரு புழுக்களின் வேறுபட்ட வாழ்க்கை முறையைத் தெரிந்துகொண்டால், எந்த முறை எங்கு வென்றது, எங்கு தோற்றது என்பது எளிதில் விளங்கும்.

நாட்டுப்பருத்தியும் பழைய முறைகளும்

1947-ல் இந்தியாவின் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு நாட்டுப்பருத்தி இனங்களே பயிரிடப்பட்டன. இவை வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் ஓரளவு தாங்கும் தன்மை உடையவை. நீண்ட இழைக்காக ஆலைகள் விரும்பிய அமெரிக்கப் பருத்தி இனத்துக்கு இந்தத் தாங்குதிறன் குறைவு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்து, கோயம்புத்தூர் வட்டாரத்தில் பரவிய கம்போடியாப் பருத்தி இந்த அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது. அது பரவியபோது தண்டுக்கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் பெருந்தொல்லையாயின.

அன்றைய தீர்வு மருந்து அன்று, சட்டம். 1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ், அறுவடை முடிந்த கம்போடியாப் பருத்திச் செடிகளை ஆண்டுதோறும் குறித்த நாளுக்குள் பிடுங்கி அகற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. வயலில் பருத்திமார் நிற்காவிட்டால் அடுத்த பருவம் வரை புழுவுக்கு இரை கிடைக்காது என்பதே இதன் அடிப்படை. ஓர் உழவர் மட்டும் செய்தால் இதனால் பயன் இல்லை. வட்டாரம் முழுவதும் ஒரே காலத்தில் செய்தாக வேண்டும்.

தெளிப்பதற்குப் பயன்பட்டவற்றுள் புகையிலைக் கஷாயம் முதன்மையானது. புகையிலையை நீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ வடித்து, சோப்புக் கரைசல் கலந்து அசுவினி, இலைப்பேன் போன்றவற்றின் மீது தெளித்தார்கள். இதில் உள்ள நிக்கோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கும். ஆனால் காற்றிலும் வெயிலிலும் விரைவில் மறைந்துவிடும். நிக்கோடின் மனிதருக்கும் கடும் நஞ்சு. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு இது சான்று. வேப்பிலையைத் தானியக் குதிரில் இடுவதும், வேப்பம் புண்ணாக்கை வயலுக்கு உரமாக இடுவதும் தென்னிந்திய உழவர் வழக்கில் நெடுங்காலமாக இருந்தவை.

வேம்பு ஆய்வகத்துக்கு வந்த வழி

வேம்பின் ஆற்றலை அறிவியல் உலகம் கவனிக்க வைத்தது வெட்டுக்கிளி. 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் சுற்றியிருந்த பசுமை முழுவதையும் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதைச் செருமானியப் பூச்சியியலாளர் ஐன்ரிக் சுமுத்தெரர் கண்டார். 1962-ல் தில்லிப் பகுதிக்கு வெட்டுக்கிளிகள் வந்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதான் தலைமையிலான குழு, வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னாமல் விலகுவதைச் சோதனையில் காட்டியது.

1968-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சிக்கலான மூலக்கூறு அமைப்பு 1985-ல்தான் உறுதியானது. அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுக்கும் முயற்சி 22 ஆண்டுகள் நீடித்து, 2007-ல் கேம்பிரிட்ஜில் இசுடீவன் லே குழுவினரால் நிறைவேறியது. ஒரு வேப்பங்கொட்டைக்குள் எளிதாகக் கிடைப்பதைத் தொழிற்சாலையில் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், இன்றும் அசாடிராக்டின் வேப்பங்கொட்டையிலிருந்தே எடுக்கப்படுகிறது.

அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. அது தெளித்த இலையைப் புழு தின்ன மறுக்கிறது. தின்ற புழுவின் உடலில் தோலுரிப்புக்கான இயக்குநீரின் ஒழுங்கு குலைகிறது. அதனால் புழு அடுத்த பருவத்துக்கு வளர முடியாமல் சில நாள்களில் மடிகிறது. முட்டையிட வரும் அந்துப்பூச்சியையும் வேம்பின் வாடை விலக்குகிறது. வேப்பங்கொட்டையில் அசாடிராக்டினைத் தவிர வேறு பல சேர்மங்களும் கலந்திருப்பதால், பூச்சிகள் அதற்கு எதிர்ப்புத்திறன் பெறுவது கடினம். ஆனால் சூரிய ஒளியில் சில நாள்களுக்குள் அது சிதைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு தயாரிக்க எளிதானது. ஓர் ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் தூளாக்கி, இரவு முழுவதும் நீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி 200 லிட்டராக நீர் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்காகச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். கொட்டை மிகப் பழையதாக இருந்தால் வீரியம் குறையும். பூஞ்சை பிடித்த கொட்டை பயன்படாது. வேப்பம்பழம் கோடையில் உதிர்கிறது; பருத்திக்குச் சாறு தேவைப்படுவது சில மாதங்கள் கழித்து. ஆகவே பழம் உதிரும் காலத்திலேயே பொறுக்கி உலர்த்திச் சேமிக்காத உழவருக்கு, தேவைப்படும் நேரத்தில் வேம்பு கிடைக்காது.

வேம்பின் மதிப்பு உயர்ந்தபோது அதன் உரிமை பற்றிய வழக்கும் எழுந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு தாவரப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேசு நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் காப்புரிமை வழங்கியது. வந்தனா சிவா, மாக்தா ஆல்வூட், பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு ஆகியோர் 1995-ல் இதை எதிர்த்தனர். இம்முறை இந்தியாவில் முன்பே அறியப்பட்டது என்ற வாதத்தின் பேரில் 2000-ல் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

பாக்டீரியாவும் வைரசும்

1901-ல் சப்பானில் இசிவாத்தா சிகெத்தானே, பட்டுப்புழுக்களைக் கொல்லும் ஒரு நோயை ஆராய்ந்து அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1911-ல் செருமனியின் தூரிங்கியா பகுதியில் எர்ணசுட்டு பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் இதே இன பாக்டீரியாவைக் கண்டார். அந்த ஊர்ப்பெயரே பாசில்லசு துரிஞ்சியென்சிசு என்ற பெயரில் நிலைத்தது. சுருக்கமாக பி.டி. என்று இன்று வழங்கப்படுவது இதுவே. 1938-ல் பிரான்சில் இது பூச்சிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது. பின்னாளில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்ட எச்.டி.-1 என்னும் வகையை அமெரிக்காவின் டெக்சாசில் அவர்டு டல்மேசு 1970-ல் வெளியிட்டார். அது கிடைத்தது ஆய்வகத்தில் வளர்த்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களில் நோயுற்றவற்றிலிருந்து. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்க, இது கவனிக்கத்தக்க தொடர்பு.

இந்த பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகம், புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து நஞ்சாகிறது. குடற்சுவர் துளைபட்டுப் புழு உண்பதை நிறுத்தி இறக்கிறது. மனிதர் வயிற்றில் இப்புரதம் அவ்வாறு செயற்படுவதில்லை. ஆனால் பட்டுப்புழுவுக்கு இது நஞ்சு. எனவே பட்டு வளர்க்கும் பகுதிகளில் இதைத் தெளிப்பது பற்றிய கவலை இருந்துவந்தது.

என்.பி.வி. எனப்படும் வைரசுகள் குறிப்பிட்ட புழு இனத்தை மட்டுமே தாக்குபவை. வைரசு தாக்கிய பச்சைக் காய்ப்புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கி இறக்கும். அதன் உடல் கூழாகி வடியும்போது, அந்த நீரில் உள்ள வைரசுத் துகள்கள் கீழ் இலைகளில் பரவி அடுத்த புழுவைத் தாக்கும். இதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. நோயுற்ற புழுக்களைச் சேகரித்து அரைத்து வடிகட்டி இக்கரைசலைத் தயாரிக்கலாம். அதனாலேயே இந்தியாவில் இதன் அளவு புழுச் சமன் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு புழுச் சமன் என்பது 600 கோடி வைரசுத் துகள்கள். புற ஊதாக் கதிர் இந்த வைரசை அழித்துவிடும் என்பதால் மாலையில் தெளிக்கிறார்கள். புழு விரும்பித் தின்ன வெல்லக் கரைசலும் சேர்க்கப்படுகிறது.

பருத்திக் காய்ப்புழுவுக்கான இத்தகைய வைரசு மருந்து ஒன்று 1975-ல் அமெரிக்காவில் எல்கார் என்ற பெயரில் பதிவானது. ஆனால் அது சந்தையில் நிலைபெறுவதற்குள் பைரித்திராய்டுகள் வந்துவிட்டன. உடனே கொல்லும் மருந்து கையில் இருக்கும்போது, ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும் வைரசை வாங்குவார் குறைந்தனர்.

முட்டையிலேயே தடுக்கும் குளவி

ட்ரைக்கோகிரம்மா என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள குளவி. காய்ப்புழு அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இது தன் முட்டையை இடும். புழு வெளிவருவதற்குப் பதில் குளவி வெளிவரும். இதைப் பெருமளவில் வளர்க்கும் முறையைக் கலிபோர்னியாவில் பிளாண்டர்சு 1920-களில் உருவாக்கினார். இந்தியாவில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இக்குளவியை வளர்க்கிறார்கள். அந்த அட்டையைத் துண்டுகளாக வெட்டிப் பருத்தி இலையின் அடிப்பக்கம் பொருத்திவிட்டால், சில நாள்களில் ஆயிரக்கணக்கான குளவிகள் வயலில் பரவும். ஆனால் அந்த வாரம் வயலிலோ பக்கத்து வயலிலோ இரசாயன மருந்து தெளித்தால் குளவிகள் மடிந்துவிடும்.

இரசாயனக் காலம்

பால் மியூல்லர் 1939-ல் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் திறனைக் கண்டறிந்தார். 1948-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1950-களில் பி.எச்.சி., டி.டி.டி. உற்பத்தி தொடங்கியது. ஒருமுறை தெளித்தால் வாரக்கணக்கில் நிற்கும் இவற்றின் முன் புகையிலைக் கஷாயமும் வேப்பஞ்சாறும் பழங்கால வழக்கங்களாகத் தோன்றின.

இதன் ஆபத்து முதலில் வெளிப்பட்டது பெரு நாட்டின் கானெத்தே பள்ளத்தாக்கில். பருத்தியே முதன்மைப் பயிரான அங்கு 1949 முதல் டி.டி.டி. போன்றவை பெருமளவில் தெளிக்கப்பட்டன. ஒரு எக்டேருக்கு 1950-ல் 494 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 1954-ல் 728 கிலோவாக உயர்ந்தது. ஆனால் நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து, தீமை செய்பவை எதிர்ப்புத்திறன் பெற்றதால் 1956-ல் அது 332 கிலோவாகச் சரிந்தது. அதன்பின் பள்ளத்தாக்கின் உழவர்கள் கூடிச் செயற்கைப் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை கொண்டுவந்தனர். நன்மை செய்யும் பூச்சிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டனர். விதைப்பதற்கும் தூர்களை அழிப்பதற்கும் பொதுவான காலத்தை வகுத்தனர். விளைச்சல் மீண்டது.

இந்தியா இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1970-ல் குசராத்தில் உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தி வெளியானது. நீர்ப்பாசனமும் உரமும் பெற்ற கலப்பினங்கள் அதிக விளைச்சல் தந்தன. அதிகப் பூச்சிகளையும் ஈர்த்தன. 1990-களில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே கொண்ட பருத்தி, நாட்டின் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றது.

பூவிலிருந்து பைரித்திராய்டு

பைரித்திரம் என்பது செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து எடுக்கும் தாவரப் பூச்சிக்கொல்லி. கென்யாவில் இது பெருமளவில் பயிரிடப்பட்டது. பூச்சியை நொடியில் வீழ்த்தும் இது வெயிலில் சில மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். எனவே வீட்டுக்குள் கொசுவை விரட்டப் பயன்பட்டதே தவிர, வயலுக்கு அதிகம் பயன்படவில்லை. இங்கிலாந்தின் ராத்தம்சுட்டடு ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் 1970-களின் தொடக்கத்தில் இம்மூலக்கூறின் அமைப்பை மாற்றி, வெயிலில் சிதையாத பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவற்றை உருவாக்கினர். இவையே செயற்கைப் பைரித்திராய்டுகள்.

1980-களின் தொடக்கத்தில் இவை இந்தியப் பருத்தி வயல்களுக்கு வந்தன. குறைந்த அளவே போதும், உடனே பலன் தெரியும் என்பதால் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் உழவர்கள் இவற்றைத் திரும்பத் திரும்பத் தெளித்தனர். சில ஆண்டுகளில் வெள்ளை ஈ பெருகியது. 1987–88 பருவத்தில் பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் அடங்காமல் பயிரை அழித்தது. அப்பகுதிப் புழுக்கள் பைரித்திராய்டுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருந்ததை ஆய்வுகள் உறுதி செய்தன. கடன் சுமையால் உழவர்கள் தற்கொலை செய்துகொண்டனர்.

பத்தாண்டுக்குப் பின் 1997–98-ல் அதே மாநிலத்தின் வாரங்கல் பகுதியில் புகையிலை வெட்டுப்புழு பெருகியது. அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். பலர் குடித்தது பூச்சியைக் கொல்ல வாங்கிய அதே மருந்தை. மருந்துக் கடைக்காரரே கடன் கொடுப்பவராகவும், எந்த மருந்தை அடிக்கலாம் என்று ஆலோசனை சொல்பவராகவும் இருந்த ஏற்பாட்டில், தெளிப்புக்கு மேல் தெளிப்பு கூடியது, கடனும் கூடியது. தமிழில் போலவே தெலுங்கிலும் பூச்சிக்கொல்லிக்கு வழங்கும் சொல்லின் பொருள் மருந்து என்பதே.

மீண்டும் வேம்புக்கு

1985-ல் இந்திய அரசு ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைத் தன் கொள்கையாக ஏற்றது. நாக்பூரின் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம், எதிர்ப்புத்திறனைத் தவிர்க்கும் தெளிப்பு வரிசையை வகுத்தது. பருவத்தின் முதற்பகுதியில் கடும் மருந்துகளைத் தவிர்ப்பது, வேம்பு, ட்ரைக்கோகிரம்மா, என்.பி.வி. ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது, பைரித்திராய்டைக் கடைசிக்கு ஒதுக்குவது என்பன அதன் சாரம். மகாராட்டிரத்தின் நாந்தேடு மாவட்டத்தில் உள்ள ஆஷ்டா கிராமத்தில் 1990-களின் இறுதியில் ஊரளவில் இம்முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. புழு தின்னும் பறவைகளை வரவழைக்கப் பருத்தியோடு தினையும் விதைக்கப்பட்டது.

இதைவிட ஒரு படி மேலே சென்றது அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தைச் சேர்ந்த புனுகுலா என்னும் சிற்றூர். பருத்தியும் மிளகாயும் பயிரிட்டுக் கடனில் சிக்கியிருந்த அவ்வூரில், 1999 அளவில் ஒரு தன்னார்வ அமைப்பின் துணையோடு சில குடும்பங்கள் இரசாயன மருந்தை நிறுத்திப் பார்த்தன. கோடையுழவால் மண்ணில் உள்ள கூட்டுப்புழுக்களை வெயிலுக்கு வெளிக்கொணர்ந்தனர். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி வரும் நாளைக் கணித்தனர். வரப்பில் ஆமணக்கும் செண்டுமல்லியும் வைத்து, அந்துப்பூச்சிகளை அவற்றில் முட்டையிடச் செய்து கிள்ளி எறிந்தனர். தேவைப்பட்டபோது வேப்பங்கொட்டைச் சாறும் மிளகாய்–பூண்டுக் கரைசலும் தெளித்தனர். வேப்பங்கொட்டை அரைப்பது உள்ளூர்ப் பெண்களுக்கு வேலையாகவும் ஆனது.

விளைச்சல் குறையவில்லை, செலவு குறைந்தது, கடன் அடைந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்துகொள்ள, 2003–04 அளவில் ஊர் முழுவதும் இரசாயனப் பூச்சிக்கொல்லி இல்லாததாக மாறியது. அடுத்து மாநில அரசின் ஊரக வறுமை ஒழிப்புச் சங்கம் மகளிர் குழுக்கள் வழியாக இம்முறையைப் பல லட்சம் ஏக்கருக்குக் கொண்டுசென்றது. புனுகுலாவின் வெற்றிக்குக் காரணம் ஒரு புதிய சாறு அன்று. ஊர் முழுவதும் சேர்ந்து செய்ததும், கடைக்காரரின் சொல்லுக்குப் பதில் வயலைப் பார்த்து முடிவெடுத்ததுமே காரணங்கள்.

பாக்டீரியாவிலிருந்து பி.டி. பருத்தி

புனுகுலா மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேறொரு தீர்வும் வந்தது. பி.டி. பாக்டீரியாவின் நச்சுப்புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் செலுத்தி உருவாக்கிய கலப்பினங்களுக்கு 2002 மார்ச்சில் இந்தியா அனுமதி அளித்தது. தெளித்தால் சில நாள்களில் சிதையும் பாக்டீரியா நஞ்சு, இப்போது செடி முழுவதிலும் பருவம் முழுவதும் இருந்தது. பச்சைக் காய்ப்புழு பெருமளவு அடங்கியது. காய்ப்புழுவுக்கான தெளிப்பு வெகுவாகக் குறைந்தது. பத்தாண்டுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பி.டி. கலப்பினங்களே நின்றன. இந்தப் பயன் உண்மையானது. உழவர்கள் அதை விரும்பி ஏற்றதற்குக் காரணமும் அதுவே.

ஆனால் எப்போதும் இருக்கும் நஞ்சு, எதிர்ப்புத்திறன் உள்ள புழுக்களை எப்போதும் தேர்ந்தெடுத்துக்கொண்டும் இருக்கும். இதைத் தவிர்க்க வயலைச் சுற்றி பி.டி. அல்லாத பருத்தியையும் விதைக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலும் பின்பற்றப்படவில்லை. பருத்தியை மட்டுமே தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு நஞ்சில்லாத வேறு இரை இல்லாமல் போனது. ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை வயலில் நிற்கும் நீண்டகாலக் கலப்பினங்கள் அதற்குப் பல தலைமுறைகள் பெருக இடம் கொடுத்தன. ஒரு மரபணுப் பருத்திக்கு இப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றது 2010-ல் குசராத்தின் நான்கு மாவட்டங்களில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2006-ல் வந்த இரு மரபணுப் பருத்தியும் அடுத்த சில ஆண்டுகளில் குசராத்திலும், பின்னர் மகாராட்டிரத்திலும் இப்புழுவைத் தடுக்க முடியாமல் போனது. நோயுற்ற இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிலிருந்து கிடைத்த பாக்டீரியா வகையால் உலகப்புகழ் பெற்ற நஞ்சை, அதே புழு இனம் வென்றது.

சாறு உறிஞ்சும் பூச்சிகள் மீது பி.டி. நஞ்சு செயற்படாது. அவற்றுக்காக நிக்கோடினைப் போல நரம்பைத் தாக்கும் இமிடாகுளோப்ரிடு முதலான நியோநிக்கோட்டினாய்டுகள் விதை நேர்த்தியிலும் தெளிப்பிலும் பயன்பட்டன. புகையிலைக் கஷாயம் போல இவை விரைவில் மறைவதில்லை; செடியின் சாற்றில் ஓடிக்கொண்டிருக்கும். தத்துப்பூச்சி இவற்றுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்றது. 2015-ல் பஞ்சாபிலும் அரியானாவிலும் வெள்ளை ஈ பருத்தியைப் பெருமளவில் அழித்தது. தெளிப்பு மீண்டும் கூடியது. 2017-ல் மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில், ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் போதிய பாதுகாப்பின்றி மருந்தடித்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

வரம்புகளும் இன்றைய நிலையும்

தாவர, உயிரியல் முறைகளுக்கு வரம்புகள் உண்டு. வேப்பஞ்சாறும் வைரசும் இளம் புழுக்களிடமே நன்கு செயற்படும். புழு வளர்ந்து காய்க்குள் புகுந்தபின் பயன் குறைவு. மழையும் வெயிலும் அவற்றைக் கரைக்கும், சிதைக்கும். சந்தையில் தரமற்ற வேம்பு மருந்துகளும், உயிரியல் மருந்து என்ற பெயரில் இரசாயனம் கலந்தவையும் விற்கப்படுவது நம்பிக்கையைக் குலைக்கிறது. வாரம் இருமுறை வயலைச் சுற்றிப் பூச்சியைக் கணக்கிட உழவருக்கு நேரமும் பயிற்சியும் வேண்டும்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எதிராக இன்று இந்தியாவில் பரிந்துரைக்கப்படுபவை பழையனவும் புதியனவும் கலந்தவை. குறுகியகால இரகங்களை விதைப்பது, திசம்பர்–சனவரிக்குள் பயிரை முடிப்பது, பருத்திமாரை உடனே அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, முட்டை ஒட்டுண்ணி விடுவது, தொடக்கத்தில் வேப்பஞ்சாறு தெளிப்பது என்பன அவற்றுள் சில. இப்புழுவின் இனக்கவர்ச்சிப் பொருள் 1973-ல் கண்டறியப்பட்டது. அதை வயல் முழுவதும் பரவச் செய்து ஆண் அந்துப்பூச்சி பெண்ணைக் கண்டடையாமல் குழப்பும் முறையும் இன்று நடைமுறைக்கு வந்துள்ளது. அமெரிக்கா இம்முறையையும், மலடாக்கிய அந்துப்பூச்சிகளையும், பி.டி. பருத்தியையும் ஒன்றிணைத்துப் பயன்படுத்தி 2018-ல் தன் பருத்திப் பகுதிகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்ததாக அறிவித்தது. இந்தியாவில் தனித்து நின்று தோற்ற அதே பி.டி. பருத்தி, அங்கு மற்ற முறைகளோடு சேர்ந்து வென்றது.

விரைவில் சிதைவது இம்முறைகளின் குறை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நிலைத்து நிற்பதற்காக மாற்றியமைத்த மூன்று நஞ்சுகளும் எதிர்ப்புத்திறனை வளர்த்தபின், அந்தக் குறையே அவற்றின் காப்பு என்பது தெளிவாகியுள்ளது. அறுவடை முடிந்ததும் ஊர் முழுவதும் பருத்திமாரை அகற்ற வேண்டும் என்று கோயம்புத்தூர் உழவர்களுக்கு நூறாண்டுக்கு முன் சட்டம் சொன்னதை, இன்று விதர்ப்பாவிலும் குசராத்திலும் வேளாண் அலுவலர்கள் ஊர்தோறும் சொல்லிவருகிறார்கள்.